முற்று எங்கே இருக்கிறது?

மாலையில் என்னிடம் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பையன் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: 'இன் ஸ்பைட் ஆஃப் ஹீ இஸ் பூர், ஹீ இஸ் ஆனஸ்ட்.' என்ன தப்பு, பார் என்றேன். "தோ போட்டா காம்ப்ளெக்ஸ், பட் போட்டா காம்பவுண்ட், இன் ஸ்பைட் ஆஃப் போட்டா சிம்பிள் சார்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். சிம்பிள் என்றால்? "சின்னதா இருக்கும் சார்."

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தேர்வுக்காக நாம் சொல்லிக் கொடுப்பது அவ்வளவுதான். இந்தச் சொல் வந்தால் இந்த வகை என்று ஒரு பட்டியல். வாக்கியத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து காட்டுவதில்லை. இத்தனைக்கும் அதைப் பார்க்கும் கண் அவனுக்கு ஏற்கெனவே உண்டு. தமிழ் வகுப்பில் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று படித்ததும், ஆங்கில வகுப்பில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று படிப்பதும் ஏறக்குறைய ஒரே பாடம். அதைவிட முக்கியம், முற்று எது, எச்சம் எது என்று தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். 'வந்தான்' முற்று. 'வந்த', 'வந்து', 'வந்தால்' எச்சம். அவற்றோடு வாக்கியத்தை நிறுத்த முடியாது.

ஆங்கிலத்தில் செய்ய வேண்டியதெல்லாம் முற்றை எண்ணுவதுதான். ஒரு முற்று இருந்தால் சிம்பிள், அந்த வாக்கியம் நாலு வரி நீண்டாலும் சரி. இரண்டு முற்று இருந்து, 'அண்ட்', 'பட்', 'ஆர்' போன்ற ஒன்று இரண்டையும் சரிசமமாக இணைத்தால் காம்பவுண்ட். ஒன்று தலைமை வாக்கியமாகவும் மற்றது அதைச் சார்ந்தும் நின்றால் காம்ப்ளெக்ஸ். ('ஹீ கேம் அண்ட் சாட்' போல ஒரே எழுவாய்க்கு இரண்டு முற்று வந்தால் என்ன என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சில புத்தகங்கள் சிம்பிள் என்கின்றன, சில காம்பவுண்ட் என்கின்றன. உங்கள் பாடநூல் சொல்வதைப் பின்பற்றுங்கள்.)

ஆங்கிலத்தில் முற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிப் பார்க்கச் சொல்வேன். 'ஐ வான்ட் டு கோ' என்பது 'ஐ வான்டட் டு கோ' ஆகிறது. மாறியது 'வான்ட்', அதுதான் முற்று. 'டு கோ' அசையவில்லை, அது எச்சம் மாதிரி. 'டு' போட்டதும் 'இங்' என்று முடிவதும் தனியாக முற்றாகாது. இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும். பையன்கள் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள்.

இப்போது அந்தப் பையனின் வரிக்கு வருவோம். 'இன் ஸ்பைட் ஆஃப்' பின்னால் பெயரோ, பெயர் போல நிற்கும் 'இங்' சொல்லோதான் வரலாம்: 'ஹிஸ் பாவர்ட்டி', அவனுடைய வறுமை. 'தோ' பின்னால் முற்றோடு கூடிய முழு வாக்கியம் வர வேண்டும்: 'ஹீ இஸ் பூர்'. அவன் முற்றைப் பெயரின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். அது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் 'அவன் ஏழை' என்று சொன்னாலே வாக்கியம் முடிந்துவிடும், வினையே வேண்டாம். அதனால் 'இஸ்' என்பதை ஒரு வினையாகவே நம் பிள்ளைகள் எண்ணுவதில்லை. 'பிகாஸ் ஆஃப்', 'பிகாஸ்' குழப்பமும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

நம் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. 'வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கினான்' என்பதில் முற்று ஒன்றே ஒன்று; மற்ற மூன்றும் எச்சம். தமிழ் கடைசிவரை முற்றைக் கையில் வைத்திருந்து முடிவில் இறக்குகிறது. ஆங்கிலம் 'கேம்', 'பேத்ட்', 'ஏட்', 'ஸ்லெப்ட்' என்று நாலு முற்றையும் வரிசையாக நிறுத்துகிறது. 'மழை பெய்தால்' நமக்கு எச்சம். 'இஃப் இட் ரெயின்ஸ்' அவர்களுக்கு முற்று உள்ள சார்பு வாக்கியம். ஆகவே தமிழில் எச்சம் வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு முற்று முளைக்கக்கூடும் என்று பிள்ளை எதிர்பார்க்கப் பழக வேண்டும்.

இதில் ருசியான இடம் பெயரெச்சம். 'எழுதிய' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய இடம், எழுதிய நாள். சொல் மாறவே இல்லை. பெண் எழுதினாள், கடிதம் எழுதப்பட்டது, பேனாவால் எழுதினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தானாகவே புரிகிறது. பெயரெச்சம் இப்படிச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்று நன்னூல் வகுத்தே வைத்திருக்கிறது. ஆங்கிலம் இவ்வளவு தாராளம் இல்லை. ஒவ்வோர் உறவுக்கும் ஒரு சொல் கேட்கும்: பெண்ணுக்கு 'ஹூ', கடிதத்துக்கு 'விச்' அல்லது 'தட்', பேனாவுக்கு 'வித் விச்', இடத்துக்கு 'வேர்', நாளுக்கு 'வென்'. போதாக்குறைக்கு இடமும் மாறும். நாம் பெயருக்கு முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைப்பார்கள்: 'நேற்று வந்த பையன்', 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. ரிலேட்டிவ் கிளாஸ் என்று புத்தகத்தில் பயமுறுத்துவது இதைத்தான். நான் இலக்கண வரையறையோடு தொடங்குவதில்லை. கரும்பலகையில் ஐந்து பெயரெச்சத் தொடர்களை எழுதிவிட்டு, உறவு என்ன என்று கேட்பேன். உறவைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சொல் தானாக வரும்.

ஒரு காற்புள்ளிக்கு எவ்வளவு பலம் என்பதும் இங்கேதான் தெரியும். 'சென்னையில் இருக்கும் என் தம்பி' என்றால் எனக்கு எத்தனை தம்பி? தமிழ் வாய் திறக்காது. ஆங்கிலத்தில் 'மை பிரதர்' என்று எழுதிக் காற்புள்ளி போட்டு, 'ஹூ இஸ் இன் சென்னை' என்று சேர்த்து, மறுபடி காற்புள்ளி போட்டால் ஒரே ஒரு சகோதரன். காற்புள்ளி இல்லாவிட்டால் வேறு ஊரில் இன்னொருவன் இருக்கிறான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்த வழக்கமான சறுக்கல் 'என்று'. 'அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை' என்பதைப் பத்தில் பாதிப் பேர் 'ஐ டோன்ட் நோ வேர் டிட் ஷீ கோ' என்றுதான் எழுதுவார்கள். தமிழில் 'எங்கே போனாள்' தனிக் கேள்வியாக நின்றாலும், 'என்று' போட்டு உள்ளே வைத்தாலும் உருவம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் கேள்வி சார்பு வாக்கியமாக உள்ளே போனதும் கேள்வி வேஷத்தைக் கலைத்துவிட வேண்டும்: 'வேர் ஷீ வென்ட்'. பெரிய அலுவலகங்களிலிருந்து வரும் மின்னஞ்சல்களிலும் இந்தப் பிழையைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் பள்ளியில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சில இடங்களில் தமிழ்க் காது நேராகவே கைகொடுக்கும். 'வாக்கிங் ஆன் தி ரோட், எ டாக் பிட் ஹிம்' தப்பு என்றால் பிள்ளை முழிக்கும். 'தெருவில் நடந்துகொண்டு, நாய் அவனைக் கடித்தது' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். நடந்தது நாயா என்று பிள்ளையே சிரிக்கும்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் ஒரு வாரத்துக்கு 'தோ', 'இன் ஸ்பைட் ஆஃப்' பட்டியலை மூடி வையுங்கள். தினம் ஆங்கிலச் செய்தித்தாளில் பத்து வரி கொடுத்து, முற்றுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். பட்டியலை எட்டாம் நாள் திறக்கலாம்.