பனி நாட்டில் மாணவன் வாங்கும் மோட்டார் வண்டி

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு மும்பைக்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ அதனினும் தொலைவு சென்று, கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணம் போன்ற இடங்களில் கல்வி பயில்கின்றனர். முதல் மாதம் அவர்களிடமிருந்து வரும் செய்தி குளிரைப் பற்றியதாக இருக்கும். மூன்றாம் மாதம், “பழைய கார் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா, அப்பா?” என்ற கேள்வி வரும். படிப்புக்காக வாங்கிய வங்கிக் கடனே தலைக்கு மேல் நிற்கும்போது, பனியில் ஒருநாளும் வண்டி ஓட்டியறியாத நாம் இக்கேள்விக்கு யாது விடை கூறுவது?

முதலில் கேட்கவேண்டியது, கார் தேவையா என்பதே. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் செலுத்தும் கட்டணத்திலேயே நகரப் பேருந்துக்கான சீட்டும் அடங்கியிருக்கிறது. விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே நடமாடும் பிள்ளைக்கு அதுவே போதும். இரவில் வேலை முடித்துத் திரும்புவோர்க்கும், பேருந்து எட்டாத இடத்திற்குத் தொழிற்பயிற்சிக்குச் செல்வோர்க்கும்தான் கார் மெய்யாகவே வேண்டியதாகிறது. அவர்களுக்காகவே இனிக் கூறுவது.

பனி நாட்டில் காருக்குப் பகை குளிர் என்று நாம் எண்ணுகிறோம். குளிரைவிடக் கொடிய பகை உப்பு. தண்ணீர் உறைவது 0 பாகை செல்ஷியஸில். உப்புக் கரைந்த நீர் உறைவதற்கு அதனினும் மிகுந்த குளிர் வேண்டும். ஆதலால் பனி விழுந்ததும் அரசினர் லாரி லாரியாகச் சாலையில் உப்பைத் தூவுகின்றனர். பனி உருகுகிறது, வழியும் திறக்கிறது. ஆயின் உருகிய உப்பு நீர் சக்கரங்களால் வாரி இறைக்கப்பட்டு, காரின் அடிவயிற்றில் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து தங்குகிறது. இரும்பு துருப்பிடிப்பதை உப்பு நீர் பன்மடங்கு விரைவுபடுத்தும் என்பதைக் கடற்கரை ஊர்களில் சன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மெரீனாவுக்கு எதிரே பத்தாண்டில் நிகழ்வது, அங்கே சில குளிர்காலங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

என் தமக்கை மகன் இரண்டாம் ஆண்டு படிக்கையில் 3,000 டாலர் கொடுத்து ஒரு கார் வாங்கினான். மேற்பூச்சு கண்ணாடிபோல் பளபளத்தது. என்ஜின் ஓசை சீராக இருந்தது. கடைவீதியின் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்து, அங்கேயே ரொக்கமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டான். மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அதை உயரத் தூக்கி, கதவின் கீழ் விளிம்பில் திருப்புளியால் மெல்ல ஊன்றினார். திருப்புளி அப்பளத்தில் நுழைவதுபோல் உள்ளே சென்றுவிட்டது. பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்களும் துருவால் அரிக்கப்பட்டிருந்தன. அவை ஓடும்போது வெடித்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் அச்சமாக இருக்கிறது. விற்றவரின் தொலைபேசி அதன்பின் ஒலிக்கவேயில்லை. தன் தாயிடம் அதைச் சொல்ல அவனுக்கு நான்கு மாதம் பிடித்தது.

மெக்கானிக்கிடம் காட்டிய பின்னர்ப் பணம் கொடுத்திருந்தால் இது நேர்ந்திராது. வரிசையை மாற்றியதே அவன் செய்த பிழை. ஒண்டாரியோவில் பழைய காருக்கு நம்பர் தகடு பெறுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும்; அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 36 நாட்களுக்கே செல்லும். சான்றிதழின்றி ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படும் கார் மலிவாகத் தோன்றும். அதைச் செப்பனிடும் செலவோ விலையை விஞ்சும். தனியார் ஒருவர் காரை விற்கும்போது, அதன் பழைய உரிமையாளர் வரலாற்றையும் அதன்மேல் நிலுவையிலுள்ள கடனையும் காட்டும் அரசாங்கத் தகவல் கட்டு ஒன்றை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டுமென்பது அம்மாகாணத்தின் சட்டம். இதைக் கேட்டுப் பெறாமல் விடலாகாது. ஏனெனில் கடன் காரோடு ஒட்டிக்கொண்டே வரும். பழைய உரிமையாளர் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர் நம் பிள்ளையின் வாசலில் வந்து காரை இழுத்துச் செல்லலாம். உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கினால் விலை சற்றுக் கூடுதல்தான். முறையிடுவதற்கு ஓர் இடமேனும் உண்டு. வீட்டுக்காரர்போல் வேடமிட்டுக் கார் வியாபாரம் செய்வோரும் அங்கே இருக்கின்றனர். விற்பவரின் பெயரும் உரிமைச் சீட்டிலுள்ள பெயரும் வேறாக இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நன்று.

விலையோடு செலவு தீர்வதில்லை. தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீத வரி உண்டு. வரியைவிடப் பெரிது இன்ஷியூரன்ஸ். அஃதின்றி வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவதே குற்றம். புதிதாக வந்த இளைஞனிடம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். வசிக்கும் தெருவின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துத் தொகை மாறும். காரின் விலையைக் காட்டிலும் ஈராண்டு இன்ஷியூரன்ஸ் மிகுந்துபோவதும் உண்டு. ஆதலால் காரைத் தேடுமுன் இன்ஷியூரன்ஸ் தொகையை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இந்திய லைசென்ஸைக் கொண்டு புதிதாகக் குடிவந்தவர் அங்கே 60 நாட்கள் ஓட்டலாம். பின்னர் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுந்து நிற்கும். இங்கே ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று காட்டினால் தேர்வுகளுக்கு இடையே காத்திருக்கும் காலம் குறையும். நம்மவர்க்கு இதில் ஒரு சிறு சிக்கல். பிள்ளை லைசென்ஸ் பெற்றது புனேயில் என்றால், சான்றும் புனே அலுவலகத்திலிருந்தே வரவேண்டும். சொந்த ஊர் திருச்சியாயிற்றே என்று அங்கே கேட்பதில் பயனில்லை. விமானம் ஏறுமுன் வாங்கிவிடுங்கள்.

இனி டயர். சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாகவே இருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரை அதற்கு அடையாளம். அண்டை மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இதைப் பூட்டாமல் ஓட்டுவது சட்ட விரோதம். ஒண்டாரியோவில் அக்கட்டாயம் இல்லை. பூட்டியவர்க்கு இன்ஷியூரன்ஸில் சிறு தள்ளுபடி உண்டு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார் இருந்தால் இது வேண்டாம் என்று இளைஞர் வாதிப்பர். நான்கு சக்கர இழுப்பு வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பனியில் உயிர் போவது நிறுத்த முடியாமையால்தான். ஆகவே நல்ல டயருடன் கூடிய சிறிய, முன்சக்கர இழுப்புக் காரையே நான் தேர்வேன்.

பாட்டரி -18 பாகைக் குளிரில் தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அதே வேளையில் என்ஜின் எண்ணெயும் தடித்துச் சுழலத் தயங்கும். பழைய காரெனில், குளிர்காலத்திற்கு முன்பே பாட்டரியைச் சோதிக்க வேண்டும். மானிடோபா, சஸ்காச்சுவான் பகுதிகளில் காரின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்குவதைக் காணலாம். இரவில் என்ஜினைச் சூடாக வைக்கும் கருவிக்கு மின்சாரம் தருவது அக்கம்பி. ஒண்டாரியோவின் தென்பகுதியில் அவ்வளவு தேவைப்படுவதில்லை.

இறுதியாக, தாய்மார்கள் கட்டாயம் சொல்லி அனுப்பவேண்டியது ஒன்று. இரவெல்லாம் பனி கொட்டியபின் காலையில் காரில் ஏறி, சூட்டுக்காக என்ஜினை ஓடவிடுவது வழக்கம். பின்புறப் புகைக் குழாயைப் பனி மூடியிருந்தால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே திரும்பி, அமர்ந்திருப்பவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். சாவியைத் திருப்புமுன் காரின் பின்னால் சென்று குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றவேண்டும். அதற்காக ஒரு சிறு மண்வாரி காரில் எப்போதும் இருக்கட்டும்.