வாசலுக்கு ஓர் ஈர்க்கு வளையம்

வளையம் என்றதும் இறுதி ஊர்வலத்தில் வைக்கும் மலர் வளையமே பலருக்கு நினைவு வரும். நாம் இன்று பேசப்போவது அது அன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசற்கதவில் மாட்டி மகிழும் அலங்கார வளையம். கடையில் வாங்கினால் ஒரு நாள் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். வீட்டிலே செய்தால் பசையும் நூலும் வண்ணக் காகிதமுமே செலவு.

இந்த வேலையின் உயிர்நாடி எடைக் குறைவுதான். கனத்த வளையம் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விழும். கீழே விளக்கு எரிந்தால் வினை வேறு விதமாகிவிடும். ஆகவே கம்பியும் களிமண்ணும் வேண்டாம். தென்னை ஈர்க்கே போதும். செம்பனை ஓலையின் ஈர்க்கும் உதவும். ஆனால் அதன் மட்டையின் அடிப்பக்கத்து முள்ளைக் கவனியுங்கள்.

விழுந்த ஓலையிலிருந்தே ஈர்க்கை எடுங்கள். அலங்காரத்திற்காகக் குருத்தை வெட்டாதீர்கள். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அது போனால் மரமே போயிற்று.

இனிச் செய்முறை. காய்ந்த ஈர்க்குகள் 20 எடுத்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறினால் ஒடியாமல் வளையும். வட்டத்தின் சுற்றளவு, குறுக்களவைப் போல் மூன்று மடங்கிற்குச் சற்றே கூடுதல் என்று பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். 10 அங்குல வளையத்திற்கு ஏறக்குறைய 32 அங்குல நீளம் தேவை என்பதை அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். ஈர்க்கின் தடித்த அடியும் மெல்லிய நுனியும் மாறி மாறி வருமாறு அடுக்குங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேரக்கூடாது. சேர்ந்தால் அந்த இடம் புடைத்து, வட்டம் கோணிப் போகும். இரண்டு அங்குலத்திற்கு ஒரு கட்டாக வாழைநாரால் இறுக்கி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு பழைய செய்தித்தாளை ஓர் அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசை தடவிச் சுற்றுங்கள். பசை நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

அழகுக்கு ரப்பர் விதையின் ஓட்டைப் போல வேறில்லை. பழுப்பு வரிகளும் பளபளப்பும் இயற்கை தந்த வண்ணப்பூச்சு. விதையை மெல்லத் தட்டி இரண்டாக்கி, பருப்பை நீக்கிவிட்டால் எடை பெரிதும் குறையும். பச்சைப் பருப்பில் சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பிள்ளைகள் வாயில் வைக்காமலும் ஆடு மாடு தின்னாமலும் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஓடுகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். இடையிடையே வண்ணக் காகிதப் பூ வைக்கலாம். ரப்பர் இல்லாத தோட்டத்தில் பூ மட்டுமே போதும்.

முடிந்ததும் நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், எதிர்ப்பக்கம் ஓர் ஓடு கூட்டுங்கள். சரியாகச் செய்த வளையம் ஒரு பெரிய கொய்யாப்பழத்தின் எடைகூட இராது. பலகைச் சுவரில் ஒரு சிறு ஆணியே அதைத் தாங்கும். காய்ந்த ஈர்க்கும் காகிதமும் எளிதில் தீப்பற்றும். ஆகையால் விளக்கிற்கு மேலேயும் அருகிலும் மாட்டவே கூடாது.

பால்மரம் சீவிய கை, வீட்டிற்கு வந்ததும் பிள்ளையோடு அமர்ந்து ஈர்க்கு கட்டட்டும். தாம் கட்டிய வளையம் வாசலில் தொங்குவதைக் காணும் பிள்ளை, தன் கையாலும் ஆகும் என்று அறிந்துகொள்ளும். அந்த அறிவு பண்டிகைக்குப் பிறகும் வீட்டில் தங்கும்.