உங்களுக்குத் தெரியுமா? அகதியாய் வந்தார், அமைச்சரானார்!

● அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், 1937-ல் பிராகா நகரில் பிறந்த செக் நாட்டவர். அவர் இரண்டு முறை நாட்டை விட்டு ஓடிய குடும்பத்தின் மகள். 1939-ல் ஹிட்லருக்கு அஞ்சி லண்டனுக்கும், 1948-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 11.

● இங்கிலாந்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்ட நாட்களில், வீட்டிலிருந்த இரும்பு மேஜைக்கு அடியில்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

● அவரது தந்தை ஜோசப் கோர்பெல், காஷ்மீர் பிரச்சினைக்காக ஐ.நா. 1948-ல் அனுப்பிய ஆணையத்தில் இடம்பெற்றவர். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பின்னாளில் டென்வரில் பேராசிரியரான அவரிடம் படித்த மாணவிதான் காண்டலீசா ரைஸ். ஆக, அமெரிக்காவின் முதல் இரண்டு பெண் வெளியுறவு அமைச்சர்களில் ஒருவர் அவர் மகள், இன்னொருவர் அவர் மாணவி!

● 1957-ல் ஆல்பிரைட்டுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மூன்று மகள்களை வளர்த்துக்கொண்டே படித்து, 1976-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். செனட்டர் எட்மண்ட் மஸ்கியிடம் வேலைக்குச் சேர்ந்து அரசியலுக்குள் வந்தபோது வயது 39.

● 1993-ல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர். 1997-ல் வெளியுறவு அமைச்சர். செனட்டில் ஆதரவு 99 ஓட்டு; எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

● அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் வெளியுறவு அமைச்சருக்கு நான்காம் இடம். ஆனால் ஆல்பிரைட்டுக்கு அது இல்லை. பிறப்பால் அமெரிக்கர் அல்லாதவர் அதிபராக முடியாது.

● இராக் பத்திரிகை அவரைப் பாம்பு என்று திட்டியது. இராக் குறித்த அடுத்த பேச்சுக்கு அவர் பாம்பு வடிவ புரூச் குத்திக்கொண்டு போனார். அதுமுதல் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் மனநிலைக்குத் தகுந்த புரூச்தான்.

● கத்தோலிக்கராக வளர்ந்தவர், தம் குடும்பம் யூதக் குடும்பம் என்பதை 60 வயதை நெருங்கும்போதுதான் அறிந்தார். தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியானவர்கள். பிராகாவின் பிங்காஸ் யூத ஆலயத்தில், பலியானோர் பெயர்கள் எழுதப்பட்ட சுவரில், தம் தந்தையைப் பெற்றவர்களின் பெயர்களை 1997-ல் தேடிக் கண்டுபிடித்தார்.

● இராக் மீதான பொருளாதாரத் தடையால் குழந்தைகள் இறப்பது பற்றி 1996-ல் தொலைக்காட்சியில் கேட்டபோது, அந்த விலை தகும் என்றார். அது பெரும் தவறு. பின்னர் அவரே மனம் வருந்தி எழுதினார்.

● 1999-ல் செக் குடியரசு நேட்டோவில் சேர்ந்தபோது, அதற்கான ஆவணத்தை அமெரிக்கா சார்பில் பெற்றுக்கொண்டவர் அவர்தான்.

● 2017-ல் அகதிகளின் வருகையை டிரம்ப் நிறுத்தியபோது வெளிப்படையாக எதிர்த்தார். 2022 மார்ச் 23-ல், 84 வயதில் மறைந்தார்.

● புகலிடம், பள்ளிக்கூடம், குடியுரிமை: அந்தச் சிறுமிக்கு அமெரிக்கா தந்தவை இந்த மூன்றும்தான். எந்த நாட்டில் ஒதுங்கும் எந்த அகதிக் குழந்தைக்கும் இவை மூன்றும் கிடைக்க வேண்டும்.