வரி எழுதிய பேராசிரியர்கள் – 14
டி.டி.கே.யோடு வந்து, டி.டி.கே.யோடு போன வரி

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கோலஸ் கால்டார் 1956-இல் டெல்லி வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். முந்தைய ஆண்டுதான் செலவு வரி பற்றிய அவருடைய புத்தகம் வெளியாகியிருந்தது. இந்த வாரம் அவருடைய இலங்கைப் பயணம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் இந்தியக் கதையை முடிக்காமல் கப்பலேற மனம் வரவில்லை.

வருமான வரியின் உச்ச விகிதம் அப்போது 90 விழுக்காட்டுக்கு மேல். ரூபாய்க்குப் பதினாலணாவுக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டால் எந்தப் பணக்காரர் உண்மைக் கணக்கைக் காட்டுவார்? உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டோடு நிறுத்துங்கள் என்றார் கால்டார். அதற்கு ஈடாக மூலதன ஆதாய வரி, சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி என்று நான்கைச் சேர்த்து, ஐந்துக்கும் ஒரே படிவத்தில் கணக்கு வாங்கச் சொன்னார்.

அந்த ஒரே படிவத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் ஒரு லட்சத்துக்கு வீடு விற்கிறார் என்று வையுங்கள். ஆதாய வரிக்குப் பயந்து, பத்திரத்தில் அறுபதாயிரம் போதும் என்பார். வாங்குபவர் ஒப்புக்கொண்டால் மீதி நாற்பதாயிரத்துக்கு என்ன கணக்குச் சொல்வது? வீட்டில் போட்ட முதல் என்று காட்டாவிட்டால் அது செலவாகி, செலவு வரி விழும். நாளை அவரே வீட்டை விற்கும்போது ஆதாயமும் கூடுதலாகத் தெரியும். அதனால் முழு விலையையும் எழுதச் சொல்லி அவரே வற்புறுத்துவார். ஒரு வரியில் ஒளித்தது இன்னொரு வரியில் வெளியே வந்துவிடும். வரி ஏய்ப்பைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு அழகான யோசனை வேறில்லை.

யோசனையைக் கையில் எடுத்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1956 ஆகஸ்ட் கடைசியில் நிதியமைச்சரானார். நவம்பரிலேயே மூலதன ஆதாய வரி வந்தது. 1957 பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. செலவு வரி நடைமுறைக்கு வர வேண்டிய நாள் 1958 ஏப்ரல் 1.

இங்கேதான் கதை திரும்புகிறது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை, நிதியமைச்சகத்தின் கீழிருந்த எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி கிளப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அவர் கொண்டுவந்த செலவு வரி பிறக்கும்போது அவர் அமைச்சர் இல்லை. அந்த ஆண்டு பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படித்தார். கால்டார் பட்டியலில் மிச்சமிருந்த நன்கொடை வரியை அறிவித்ததும் அவர்தான்.

அடுத்து வந்த மொரார்ஜி தேசாய் 1962-இல் செலவு வரியை எடுத்துவிட்டார். 1963-இல் டி.டி.கே. மீண்டும் நிதியமைச்சர். 1964 பட்ஜெட்டில் செலவு வரியும் மீண்டது! அடுத்த ஆண்டு முடிவில் அவர் பதவியிலிருந்து இறங்க, 1966-இல் சசீந்திர சௌத்ரி அந்த வரியை மறுபடியும் ஒழித்தார். ஒரு வரியின் ஆயுள் ஒரு மனிதரின் பதவியோடு இப்படி ஒட்டிக்கொண்டிருந்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஒருவரை மட்டும் நம்பி நிற்கும் சீர்திருத்தத்துக்கு இந்தக் கதிதான்.

செலவு வரியால் கிடைத்த வசூல் சொற்பம். அதை வைத்து, நூலறிவு நாட்டுக்கு உதவாது என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. கால்டார் கொடுத்தது ஓர் ஒப்பந்தம்: விகிதத்தைக் குறை, வலையை இறுக்கு. அரசு புது வரிகளை எடுத்துக்கொண்டு 45 விழுக்காட்டை விட்டுவிட்டது. உழைத்துச் சம்பாதித்த வருமானத்துக்கே உச்ச விகிதம் 77-இல்தான் நின்றது. 1970-களின் தொடக்கத்தில் அது 97.75 வரை ஏறியது. ஐந்துக்கும் ஒரே படிவம் என்ற உயிர்நாடியும் கைகூடவில்லை. பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு வைத்தியரைக் குறை சொன்னார்கள்.

உச்ச விகிதம் கால்டார் சொன்ன 45-க்குக் கீழே வர 1992 ஆயிற்று. ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஒட்டி மன்மோகன் சிங் அதை 40 ஆக்கினார். அந்தச் செல்லையாவும் பேராசிரியர்தான், தமிழர். இந்தத் தொடரில் அவருக்கும் இடமுண்டு. சொத்து வரி 2015 பட்ஜெட் வரை தாக்குப்பிடித்தது. அதை அருண் ஜேட்லி எடுத்தபோது ஆண்டு வசூல் 1,008 கோடி ரூபாய்.

இலங்கை அடுத்த வாரம் நிச்சயம். கால்டாரின் ஆலோசனைப்படி அங்கேயும் 1959-இல் செலவு வரி வந்தது. அங்கேயும் நிலைக்கவில்லை.