கட்டங்களுக்குள் ஓர் அண்டம் – 14
குப்பை அள்ளுபவர்களின் வானம்

பூமியைத் தாழ்வாகச் சுற்றும் ஒரு திருகாணியின் வேகம் வினாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர். துப்பாக்கிக் குண்டு அதன் கிட்டே நெருங்க முடியாது. அப்படி ஒரு திருகாணி பயணிகள் விண்கலம் ஒன்றின் ஜன்னலைத் துளைக்கிறது. யூரியின் மனைவி இறந்துபோகிறாள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு யூரி விண்வெளிக் குப்பை அள்ளும் தொழிலாளி. வேலைக்கு நடுவே அவன் கண்கள் தேடுவது அவள் வைத்திருந்த திசைகாட்டியை.

மகோட்டோ யுகிமுராவின் 'பிளானட்டீஸ்' மங்கா இந்தக் கதையோடு தொடங்குகிறது. 'மார்னிங்' வார இதழில் 1999 முதல் 2004 வரை வந்தது. மொத்தம் நான்கே தொகுதிகள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த யுகிமுராவுக்கு இதுதான் முதல் தொடர் என்பதை இன்றும் என்னால் எளிதில் நம்ப முடியவில்லை.

கதை நடப்பது 2070களில். நிலவில் மனிதர்கள் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் யூரியோடு குப்பை அள்ளும் ஹாச்சிமாகிக்கு மாதச் சம்பளம்தான். சொந்தமாக ஒரு விண்கலம் வாங்குவது அவன் கனவு. அவர்களின் கலத்தை ஓட்டும் ஃபீ கார்மைக்கேலுக்கு நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிக்க இடமில்லை. அந்த எரிச்சலோடு இருப்பவள்தான், தீவிரவாதிகள் மோதவிட்ட செயற்கைக்கோளைத் தன் கலத்தைக் கொண்டே தடுக்கிறாள். அது இலக்கில் மோதியிருந்தால் சிதறும் துண்டுகள் மற்றவற்றை உடைத்து, அவை இன்னும் பலவற்றை உடைத்து, வானமே அடைபட்டுப் போயிருக்கும். இது வெறும் கற்பனையல்ல. நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978லேயே எச்சரித்த தொடர் விளைவு. 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் நிஜமாகவே மோதிச் சிதறின.

2003 அக்டோபரில் சன்ரைஸ் நிறுவனத்தின் அனிமே வந்தது. இயக்கம் கோரோ தானிகுச்சி, திரைக்கதை இச்சிரோ ஒகோச்சி, 26 பாகங்கள். மங்காவில் இரண்டாம் தொகுதியில்தான் வரும் தானாபே, இங்கே முதல் பாகத்திலேயே வேலையில் சேர்கிறாள். அவளைச் சுற்றி ஓர் அலுவலகத்தையே கட்டியெழுப்பினார்கள். மேலதிகாரிக்குத் தலையாட்டும் மேலாளர், பிள்ளைகுட்டிக்காரரான துணை மேலாளர், வாய் திறக்காத ஒப்பந்த ஊழியை. லாபம் தராத பிரிவு என்பதால் நிறுவனத்தில் இவர்களுக்கு மதிப்பே இல்லை.

யூரியின் கதை இந்த அலுவலகத்துக்குள் வந்ததும் கனம் கூடிவிடுகிறது. அனிமேவில் அது முழுதாகச் சொல்லப்படுவது பத்தாவது பாகத்தில். அதுவரை வாராவாரம் அவனை அமைதியான, பொறுமையான சக ஊழியனாக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். திசைகாட்டியின் பின்புறத்தில் மனைவி தனக்காகப் பொறித்துவைத்த வேண்டுதலை அவன் படிக்கும்போது, பக்கத்து மேஜைக்காரரின் துக்கத்தை இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று மனம் பதறுகிறது. மங்காவின் முதல் அத்தியாயம் அபாரமானது. ஆனால் இந்தப் பதற்றத்தை அதனால் தர முடியாது. அப்போது யூரி நமக்கு அந்நியன்.

எல் தானிக்கா என்ற கற்பனை ஏழை நாட்டிலிருந்து ஒரு சிறு பட்டறைக்காரர், தாங்கள் தைத்த விண்வெளி உடையைச் சோதித்துப் பார்க்கக் கெஞ்சி வரும் பாகமும் அனிமே சேர்த்ததே. விண்வெளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இத்தனை கூர்மையாக எழுப்பிய விஞ்ஞானக் கதைகள் குறைவு. பிற்பாதியில் தீவிரவாதிகளின் சதி ஓங்கும்போது இந்த நுணுக்கம் மங்குகிறது. அங்கே ஹாச்சிமாகியின் தனிமைக்குள் ஆழமாக இறங்கும் மங்காவே மேல்.

மங்காவுக்கு 2002இலும் அனிமேவுக்கு 2005இலும் ஜப்பானின் செயுன் விருது கிடைத்தது. கதையில் வரும் குப்பை அள்ளும் வேலை நிஜத்திலும் தொடங்குகிறது. சிங்கப்பூரில் தொடங்கப்பட்டு, இன்று ஜப்பானிலிருந்து இயங்கும் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்தின் விண்கலம் 2024இல், 2009 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய எச்-2ஏ ராக்கெட் பாகம் ஒன்றைப் சில பத்து மீட்டர் தூரத்துக்குள் நெருங்கிச் சென்று படமெடுத்தது. அதை அப்புறப்படுத்தும் வேலைக்கு அது முன்னோட்டம்.

முதலில் அனிமேவைப் பாருங்கள், அவசரமில்லாமல், வாரம் ஒன்றாக. மங்கா அதற்குப் பிறகு. அடுத்த வாரம், யுகிமுரா 2005இல் தொடங்கிய 'வின்லாண்ட் சாகா'.