ஊசி போட்ட மாட்டுப் பால் ஏன் உறைவதில்லை?

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, உறை மோர் ஊற்றி வைக்கிறீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. குளிரும் காரணமாக இருக்கலாம், உறை மோர் கெட்டும் இருக்கலாம். ஆனால், மருந்து கொடுத்த ஓரிரு நாளில் இப்படி ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாலில் தங்கிய ஆன்டிபயாட்டிக் மருந்தைத்தான்.

பாலைத் தயிராக்குபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பென்சிலின் வகை மருந்துகளை இவை தாங்குவதில்லை. நோய்க் கிருமிக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கி, நல்ல கிருமியையும் அடக்கிவிடுகிறது. விதை நேர்த்தியில் நீங்கள் பார்ப்பதும் இதைத்தான். உளுந்து விதையில் பூஞ்சாணக்கொல்லி கலந்தால், 24 மணி நேரம் விட்டுத்தானே ரைசோபியம் கலக்கிறோம்?

குடலுக்குள் ஒரு கூட்டம்

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை நொதிக்க வைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. இடத்தை நிறைத்துக்கொண்டு, நோய்க் கிருமிகள் காலூன்றாமலும் தடுக்கின்றன.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது இந்தக் கூட்டம் குலைகிறது. அதனால்தான் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. அரிதாக, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகிறது. இந்நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் நெதர்லாந்தில் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தியதில், 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே குணமடைந்தனர். கலைந்த கூட்டத்தைத் திரும்பக் குடியேற்றியதே அங்கு மருந்தானது.

பாலில் உள்ள எச்சம் மாத்திரை அளவு இருக்காது. ஆனாலும், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. தொடர்ந்து உள்ளே போனால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழி ஏற்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஊசி போட்டதும், எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து அட்டையிலும் பாருங்கள். காலம் தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்குப் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது 2012 முதல் விதி.

* ஒரு காம்பில் மட்டும் டியூப் மருந்து ஏற்றினாலும், நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள்.

* காய்ச்சினால் மருந்து முழுவதும் போய்விடாது. தயிர் உறைந்துவிட்டது என்பதும் மருந்து இல்லை என்பதற்குச் சான்றல்ல. சில மருந்துகள் உறைவதைத் தடுக்காமலேயே பாலில் இருக்கும்.

* ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டாதீர்கள். அதன் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும்.

* மடிநோய் வராமல் தடுப்பதே லாபம். கறந்ததும் காம்புகளைப் பொவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூடும் வரை, அரை மணி நேரமாவது மாடு படுக்காதபடி தீவனம் போடுங்கள்.

* வீட்டில் சளி, காய்ச்சலுக்கு நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். சாதாரண சளிக்குக் காரணமான வைரஸை அது ஒன்றும் செய்யாது. பயறு, கீரை, சிறுதானியம் தினமும் தட்டில் இருக்கட்டும். குடல் நுண்ணுயிர்களுக்கு அதுதான் தீவனம்.

7 நாள் பால் காசு என்பது இரண்டு மாடு வைத்திருப்பவருக்குச் சிறிய தொகை அல்ல. ஆனால், அந்தப் பாலில் முதல் டம்ளர் உங்கள் வீட்டுக் குழந்தைக்குத்தான் போகிறது.