துவக்கு வந்த வழி

நம் பேச்சில் ‘துவக்கு’, எழுத்தில் ‘துப்பாக்கி’. இரண்டும் துருக்கி மொழிச் சொல்லொன்றிலிருந்து வந்தவை. சொல்லே இவ்வளவு தூரம் பயணம் செய்திருந்தால், அது குறிக்கும் பொருள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒரேயொரு வகைத் துவக்கின் வழியை மட்டும் இங்கே பார்ப்போம்.

அதன் பெயர் என்ஃபீல்டு. இலண்டனுக்கு அருகே என்ஃபீல்டு என்னும் இடத்திலிருந்த அரசாங்கத் தொழிற்சாலையின் பெயரே அதற்கும் ஆயிற்று. 1853ஆம் ஆண்டு பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மாதிரி இது. ஏறத்தாழ 140 சென்ரிமீற்றர் நீளம். 4 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான எடை. முந்திய மஸ்கட் துவக்குகளின் குழாய் உட்புறம் வழுவழுப்பானது. தூரம் கூடினால் குறி தவறிவிடும். என்ஃபீல்டின் குழாய்க்குள் திருகுபோல் வளைந்த பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, அப்பள்ளங்களால் சுழன்று வெளியேறும் குண்டு வழிமாறாமல் சென்றது.

ஆனால் மருந்தையும் குண்டையும் குழாயின் வாய் வழியாகவே இட வேண்டும். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு 3 தடவை சுடலாம். அந்தத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் எழுந்தது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒன்றுபோல் மனம் கொதித்தனர். மே 10ஆம் திகதி மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. அதற்கு வேறு காரணங்களும் பல உண்டு. பொறியாக அமைந்தது தோட்டா.

நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் பிரிந்து நின்றன. இரு தரப்பிலும் துவக்குகள் போதவில்லை. வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டில் அரசாங்க ஆயுதசாலை இருந்தும் தொடக்கத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை. இரு தரப்பின் முகவர்களும் இங்கிலாந்துக்கு ஓடினர். விக்டோரியா மகாராணியார் 1861 மே மாதம் தம் நாடு நடுநிலை வகிக்கும் என அறிவித்திருந்தார். வியாபாரிகளோ இருவருக்கும் விற்றனர். சுமார் 9 இலட்சம் என்ஃபீல்டுகள் அத்திலாந்திக் கடலைக் கடந்தன.

இவற்றைச் செய்தவை பெரும்பாலும் பர்மிங்காம், இலண்டன் நகரங்களின் தனியார் பட்டறைகள். ஒருவர் குழாயைக் குடைந்தார். ஒருவர் விசையை அராவினார். இன்னொருவர் மரப்பிடியைச் செதுக்கினார். தாம் எடுக்கும் கொழுந்து எந்த ஊர்க் கோப்பைக்குப் போகும் என்று நல்லதண்ணியில் மலையேறும் நம் தாய்மாருக்குத் தெரியாததுபோல, தாம் செய்த துவக்கு யார் தோளில் ஏறும் என்று அவர்களுக்கும் தெரியாது.

வெடிமருந்தில் முக்காற்பங்கு வெடியுப்பு. அதில் பெரும்பகுதி பீகார் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டு இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்குப் போயிற்று. ஏழை உழைப்பாளியின் வியர்வையும் அந்தப் புகையில் கலந்திருந்தது.

1865இல் போர் முடிந்தபோது 6 இலட்சத்துக்கும் அதிகமான படைவீரர் மாண்டிருந்தனர். துவக்குகளின் பயணம் முடியவில்லை. மிஞ்சியவை விற்கப்பட்டன, 1868இல் ஜப்பானின் உள்நாட்டுப் போரிலும் என்ஃபீல்டுகள் முழங்கின.

இன்று நூதனசாலைகளில் அவை உறங்குகின்றன. பலவற்றின் விசைத் தகட்டில் ஒரு கிரீடமும், ‘டவர்’ என்ற சொல்லும், ஆண்டும் தெரியும். எங்கே பிறந்தது என்பதைத் தகடு சொல்லும். எந்தப் பக்கம் நின்று சுட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

2009 வரை போரைக் கண்ட நாடு நம்முடையது. இங்கும் இரு தரப்பினரும் ஏந்திய ஆயுதங்களில் பெரும்பாலானவை பிற நாடுகளில் செய்யப்பட்டவை. ஆகவே, கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய துவக்கொன்றைக் காணும்போது, இதை யார் சுட்டார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் செய்தார், யார் விற்றார், யார் இலாபம் கண்டார் என்றும் கேளுங்கள், தோழியரே. இழப்பு மட்டும் எப்போதும் போர் நடந்த மண்ணுக்கே.